ஊருக்குக் கிளம்பும் முன் ஊரின் குணத்தை விசாரி!

லீவு விட்டதும் வீட்டில் "எங்கேயாவது போகலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். உடனே நீ போனை எடுத்து நாலு ரீல்ஸ் பார்ப்பாய். யாரோ "செம இடம்" என்று சொன்னதை நம்பி ரூம் போட்டுவிடுவாய். திரும்பி வரும்போது மாமியாருக்கு முழங்கால் வலி, பிள்ளைக்கு வாந்தி, வீட்டுக்காரர் முகம் உர்ரென்று இருக்கும். அப்புறம் "அந்த ஊரே சரியில்லை அக்கா" என்று என்னிடம் வந்து புலம்புவாய். ஊர் சரியாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. மாப்பிள்ளை போட்டோவை மட்டும் பார்த்து யாராவது கல்யாணத்தை முடிப்பார்களா? ஊரையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும். எந்த மாதத்தில் அது எப்படி இருக்கும், யாருக்கு ஒத்துவரும், அங்கே என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போனால் சாதாரண ஊர்கூட மனசுக்கு நிறைவாக இருக்கும்.

நான் தென்காசிக்காரி. குற்றால சீசனுக்கு வருகிற குடும்பங்களைப் பார்த்தே வளர்ந்தவள். சிரித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், சண்டை போட்டுக்கொண்டே காரைக் கிளப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரெண்டு பேரும் குளித்தது ஒரே அருவியில்தான். அதனால் இங்கே உதாரணம் பெரும்பாலும் எங்கள் ஊரிலிருந்து வரும், பொறுத்துக்கொள்.

1. முதலில் மாதத்தைப் பார், அப்புறம் ஊரைப் பார்

நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே. குற்றாலத்தில் சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலையில் இருக்கிற கணவாய் வழியாக ஈரக்காற்று எங்கள் பக்கம் வரும். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் பூப்பூவாய்ச் சாரல் விழும். அருவி, காற்று, சாரல் மூன்றும் சேர்ந்ததுதான் குற்றாலம். ஏப்ரலில் வந்தால் பாறையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். "தண்ணியே இல்லை, ஏமாத்திட்டாங்க" என்று யாரைத் திட்டுவாய்?

அக்டோபர், நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழைக்குத் தண்ணீர் விழும். ஆனால் அதில் சாரல் சுகம் இருக்காது. கனமழை பெய்தால் வெள்ளமாக வரும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேரும். இதெல்லாம் தெரிந்து வந்தால் ஏமாற்றம் இல்லை.

மற்ற ஊருக்கும் இதே கணக்குதான்:

- கன்னியாகுமரியில் உதயம், அஸ்தமனம் ரெண்டும் கடலில் தெரியும் என்று கேட்டிருப்பாய். அஸ்தமனம் கடலுக்குள் விழுவது ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான். மற்ற மாதங்களில் சூரியன் நிலத்துப் பக்கம் இறங்கும். ஜூன், ஜூலையில் மேகம் வேறு மூடிக்கொள்ளும்.
- கொடைக்கானலில் மலையே நீலமாகப் பூக்கிற குறிஞ்சி 2018-ல் பூத்தது. இனி 2030. நடுவில் யாராவது "இந்த வருஷம் குறிஞ்சி டூர்" என்று சொன்னால் விசாரிக்காமல் பணம் கட்டாதே.
- தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் கல்லால் ஆன கோயில்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றினால் சோழர்கள் கட்டிய அழகு கண்ணில் படாது, பாதம் சுடுவதுதான் தெரியும். மார்கழி, தையில் போ. இல்லையென்றால் விடிந்ததும் போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிடு.

பிள்ளைகள் லீவும் ஊரின் சீசனும் ஒத்துவரவில்லையா? ஊரை மாற்று. லீவை மாற்ற முடியாது, மழையையும் மாற்ற முடியாது.

2. அழகைத் தேடும் முன் கழிவறையைத் தேடு

சிரிக்காதே, இதுதான் முக்கியம். ஜப்பானில் நோரியாகி கானோ என்று ஒரு பேராசிரியர் 1984-ல் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொன்னார். ஒரு பொருளில் சில குணங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் எல்லோரும் கொதிப்பார்கள். வேறு சில குணங்கள் இல்லாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள், இருந்தால் அசந்துபோவார்கள். அவர் சொன்னது தொழிற்சாலைப் பொருட்களுக்கு. ஆனால் டூர் போகிற ஊருக்கு அப்படியே பொருந்தும்.

கழிவறை, குடிதண்ணீர், உடை மாற்ற மறைவான இடம், வண்டி நிறுத்த இடம், உட்கார ஒரு திண்ணை. இவை சரியாக இருந்தால் நீ கவனிக்கவே மாட்டாய். ஒன்று இல்லாவிட்டால் பேரருவியே கண்முன் கொட்டினாலும் மனசு அதில் நிற்காது. குறிப்பாகப் பெண்களுக்கு. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று நாள் முழுக்கத் தொண்டை வறண்டு சுற்றுகிற பெண்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். மனசு கேட்பதில்லை. அப்படிச் செய்யாதே, உடம்பு கெட்டுப்போகும்.

சுருக்கு வழி சொல்கிறேன்:

- ரூம் போடும் இடத்தைப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் போடு. நடுவில் ஒருமுறை ரூமுக்கு வந்து போக முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.
- வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் எல்லோரையும் இறக்கு. "இப்ப வரலை" என்று சொல்கிற பிள்ளையை முதலில் இறக்கு.
- குற்றாலத்துக்கு என்றால் ரூமில் ஈரத்துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று போனிலேயே கேள். சாரல் நாளில் துணி காயவே காயாது. நைலான் கயிறு, பத்து கிளிப், மெல்லிய ஈரோட்டுத் துண்டு எடுத்து வா. தடித்த டர்க்கி டவல் கொண்டு வந்தால் ஊருக்குத் திரும்பும்வரை நாறும்.

3. கூட வருகிறவர்களில் யாருக்கு முடியாதோ, அவரை வைத்து இடம் தேர்ந்தெடு

நீ ஓடுவாய், உன் தம்பி மலை ஏறுவான். எழுபது வயது அப்பா என்ன செய்வார்? கொல்லிமலைக்குப் போகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே லேசாக இட்லி கொடுத்து முடித்துவிடு, முன் சீட்டில் உட்கார வை, போனைப் பிடுங்கு. கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள். முதலில் இறங்குவது சுலபமாக இருக்கும், அதுதான் ஏமாற்றும். குளித்துக் களைத்த உடம்போடு அத்தனை படியும் ஏறி வரவேண்டும். முழங்கால் வலிக்காரரை அங்கே கூட்டிப் போய்விட்டு "அப்பா பாதியிலேயே உட்கார்ந்துட்டார், மூடே போச்சு" என்று அவர் மேல் கோபப்படாதே. தப்பு உன்னுடையது.

குற்றாலத்தில் இந்த விஷயத்தில் வசதி உண்டு. பேரருவி சாலையோரத்திலேயே இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். மேலிருந்து வருகிற தண்ணீர் பொங்குமாகடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து கீழே இறங்குவதால்தான் நாம் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. இயற்கை தானாகச் செய்து வைத்த ஏற்பாடு அது. அதுவும் பெரியவர்களுக்குக் கனமாக இருந்தால் புலியருவிக்கோ சிற்றருவிக்கோ கூட்டிப் போ. "பேர் பெற்ற அருவியைப் பார்க்காம எப்படி?" என்பாய். பார்ப்பதைப் பார்க்கட்டும், குளிப்பதைச் சின்ன அருவியில் குளிக்கட்டும்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடப் போகிறாயா? தரை முழுக்க ஈரம், வழுக்கும். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள். ஈர உடையோடு மூலவர் சன்னதிக்கு விடமாட்டார்கள். மாற்று உடையை ரூமில் வைத்துவிட்டு வந்து அல்லாடாதே, தோள் பையிலேயே வைத்துக்கொள்.

4. கூட்டமும் ஊரின் ஒரு குணம்தான்

ஒரே இடம் செவ்வாய்க்கிழமை சொர்க்கமாகவும் ஞாயிற்றுக்கிழமை சந்தையாகவும் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகளில் குற்றாலம் ஐந்தருவியில் வரிசையில் நின்றுதான் தலை நனைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் லீவு போட முடிந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் வா. முடியாதா? விடியற்காலை ஐந்தரைக்கு அருவிக்குப் போய்விடு, எட்டு மணிக்குள் குளித்து முடி. சென்னைக்காரர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். கார் எடுத்து வந்து பார்க்கிங்குக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

மலை ஊர்களில் கூட்டம் தாங்காமல் இப்போது சட்டமே வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் ரெண்டுக்கும் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ரூம் போட்டபிறகு இ-பாஸ் தேடாதே. முதலில் இ-பாஸ், அப்புறம் ரூம். அரசு பஸ்ஸில் போனால் அந்தக் கவலையே இல்லை. "இதெல்லாம் தொந்தரவு" என்று சலித்துக்கொள்ளாதே. மலை தாங்குகிற அளவுக்குத்தான் ஆள் போகவேண்டும் என்பதில் எனக்கு முழு சம்மதம்.

ஊட்டி மலை ரயிலில் போகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் டிக்கெட்டை முன்பதிவு திறந்ததுமே எடு. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சின்னக் குழந்தை இருந்தால் அத்தனை நேரம் உட்காராது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஏறு, போதும்.

5. அருவியிடம் வீம்பு பிடிக்காதே

இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. சீசனே தொடங்கவில்லை, கோடை மழைதான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மலைக்குள் பெய்கிற மழை நமக்குத் தெரியாது.

- தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினால், இலை தழை குச்சி அடித்து வந்தால், இரைச்சல் கூடினால், அந்த நிமிஷமே வெளியே வா. செருப்பைத் தேடாதே, போனைத் தேடாதே. பிள்ளையை மட்டும் பிடித்துக்கொள்.
- பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்றால் தடை வரப்போகிறது என்று அர்த்தம்.
- தடை போட்டால் போலீஸ்காரரிடம் "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம் சார்" என்று கெஞ்சாதே. தூரம் அருவிக்குத் தெரியாது.
- எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டால் கால் வழுக்கும். பாறையில் பார்த்து நட. சோப்பு, ஷாம்பு அருவியில் தடை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.
- குரங்குக்குத் தின்பண்டம் நீட்டாதே. பையைப் பிடுங்கியதும் அலறுவது நீதான்.

தடை நாளுக்கென்று மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். இது இருக்கிற குடும்பம்தான் சிரித்துக்கொண்டு ஊர் திரும்புகிறது. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் வீசுகிற காற்றுக்காகவே ஒரு மணி நேரம் உட்காரலாம். குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபை, நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவரெல்லாம் ஓவியம். அருவிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலே போகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் வந்தால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். வரப்பில் நின்று போட்டோ எடு, வயலுக்குள் இறங்காதே. உனக்கு அது போட்டோ, விதைத்தவருக்கு அது வருமானம்.

6. சாப்பாட்டு நேரம் தவறினால் எல்லாம் தவறும்

பசித்த குடும்பத்துக்கு எந்த ஊரும் பிடிக்காது. அருவியில் குளித்தால் பசி கொல்லும். குளிக்கப் போகும் முன்பே எங்கே சாப்பிடுவது என்று முடிவு பண்ணி வை. பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் பேர்பெற்றவைதான். அதற்காகக் குழந்தைகளை ராத்திரி பத்து மணிக்கு இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்காதே. மாலை ஏழுக்கே போய்விடு. மங்குஸ்தான், ரம்புத்தான் சீசனில் கிடைக்கும், விலை விசாரித்து ரெண்டு கடை தள்ளி வாங்கு. கையில் எப்போதும் வாழைப்பழம், முறுக்கு, வீட்டுத் தண்ணீர் இருக்கட்டும்.

7. ரிவ்யூவை இப்படிப் படி

அஞ்சு ஸ்டார் போட்டவர்களையும் ஒரு ஸ்டார் போட்டவர்களையும் விடு. மூணு ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படி. அவர்கள்தான் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்வார்கள். புதியதிலிருந்து படி, ரெண்டு வருஷம் பழையதைத் தள்ளு. நீ போகப்போகிற அதே மாதத்தில் எழுதியது கிடைத்தால் அது தங்கம். படம் எந்த மாதம் எடுத்தது என்றும் பார். தண்ணீர் பொங்குகிற படத்தைப் பார்த்துவிட்டுப் பங்குனியில் கிளம்பாதே.

அதைவிட நம்பகமானது, லாட்ஜுக்கு ஒரு போன். மூன்றே கேள்வி: "இப்ப தண்ணி எப்படி விழுது? ராத்திரி எத்தனை மணி வரை சாப்பாடு கிடைக்கும்? வண்டி எங்கே நிறுத்தணும்?" பதில் சொல்லாமல் மழுப்புகிற இடத்தில் ரூம் போடாதே.

8. ஒரு நாளைக்கு ரெண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம்

பட்டியலில் டிக் அடிக்கப் போகிறாயா, இருந்துவிட்டு வரப் போகிறாயா? கன்னியாகுமரியில் உதயம் பார்த்துவிட்டு விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய், 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்து 133 அடி வள்ளுவரைப் பார்ப்பதற்கே அரை நாள் போய்விடும். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்துவார்கள். அதற்கும் நேரம் விட வேண்டும். அன்றைக்கே பத்மநாபபுரம், சுசீந்திரம், திற்பரப்பு என்று அடுக்கினால் எதுவும் நெஞ்சில் நிற்காது.

ஊர்க்காரத் தங்கச்சிக்கும் ரெண்டு வார்த்தை

நீ சீசனுக்கு மாடியை வாடகைக்கு விடுகிறவளாக, வாசலில் இட்லிக் கடை போடுகிறவளாக இருக்கலாம். ஆள் பிடிக்கவேண்டும் என்று "தண்ணி சூப்பரா விழுது" என்று பொய் சொல்லாதே. குறைவாக விழுந்தால் குறைவு என்று சொல். தெரிந்து வருகிறவர் கோபப்பட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு விலை, திங்கட்கிழமை ஒரு விலை வைத்தாலும் அதைக் கதவில் எழுதி ஒட்டு. சுத்தமான பாத்ரூம், ஒரு பக்கெட் வெந்நீர், துணி காயப்போடக் கயிறு கொடு. ஏசியும் பெரிய டிவியும் இல்லாவிட்டாலும் அடுத்த சீசனில் அவர்களே போன் பண்ணுவார்கள். வந்திருக்கிற வயதானவருக்குக் கேட்காமலே ஒரு நாற்காலி எடுத்துப் போடு. அதைத்தான் அவர்கள் ஊரில் போய் நாலு பேரிடம் சொல்வார்கள்.

9. திரும்பி வந்ததும் எழுது

டூர் போய்வந்த தங்கச்சி, வீட்டுக்கு வந்து துணி துவைக்கிற அலுப்பில் ரிவ்யூ எழுதுவதை விட்டுவிடாதே. ஸ்டாரை மட்டும் தட்டிவிட்டு மூடாதே. எந்த மாதம், என்ன கிழமை போனாய், கழிவறை எப்படி இருந்தது, எத்தனை படி ஏறினாய், பெரியவர்களால் முடிந்ததா, சாப்பாடு எங்கே கிடைத்தது. ஐந்து வரி போதும். அடுத்த மாதம் கைக்குழந்தையோடு கிளம்பப்போகிற எவளோ ஒருத்தி அதைத் தேடிக்கொண்டிருப்பாள்.